சுவத்தைப் பாருங்க, பாஸ்வேர்டு அடிக்கணும்

போன மாசம் மில்லிலிருந்து முத்துலட்சுமி போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்ப்யூட்டர் செக்‌ஷனை அவள்தான் பார்க்கிறாள். "அக்கா, டைம் ஆபீஸுக்குப் புது சிஸ்டம் வந்துருக்கு. மூஞ்சியக் காட்டினாத் திறந்துக்கிடுது. இனிமே பாஸ்வேர்டு தொல்லையே இல்ல" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பல்வலி வந்து மூஞ்சி வீங்கிட்டா என்னட்டி செய்வ?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "உங்க காலத்துல அந்த சிஸ்டத்தத் திறக்க ஒரு வாரம் ஆச்சாமே, அதச் சொல்லுங்க" என்றாள். போனில் சொல்லி முடிகிற காரியமா அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் பெயர் ஜெயராணி. சேத்தூர்க்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று மில்லில் எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான். பிளஸ் டூ முடித்து, ராஜபாளையத்தில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, நூல் மில்லில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது, விரல் ஓடுகிறவள் என்று என்னைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மதுரையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். மிச்சத்தைக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நூல் மில்லில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வைரஸ் கிடையாது, பஞ்சு. நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங்கிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஜெயா, பொட்டி செத்துப்போச்சு" என்பார். ஸ்குரூ டிரைவரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு போவேன். மூடியைத் திறந்தால் ஃபேன் இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு குட்டித் தலையணை இருக்கும். மெயினை அணைத்து, செத்த நேரம் சூடு ஆறவிட்டு, பிரஷால் உள்ளேயிருந்து வெளியே தள்ள வேண்டும். வெளியேயிருந்து உள்ளே தள்ளினால் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருதரம் அவசரத்தில், மெஷின் துடைக்கிற ஏர் பைப்பை வாங்கி ஒரே அடி அடித்தேன். கீபோர்டிலிருந்து ஏழு எழுத்து பறந்துவிட்டது. ஆறு எழுத்தைத் தேடி எடுத்தோம், ஏழாவது எந்தக் கோனுக்குள் போய் எந்த ஊருக்கு லாரி ஏறியதோ தெரியாது. மேனேஜர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

முத்துலட்சுமி கேட்டது இதையெல்லாம் இல்லை. அவள் கேட்டது கோதண்டம் சார் கதை.

மில்லின் டைம் ஆபீஸ் அவர் கையில் இருந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யாருக்கு எந்த ஷிப்ட், யார் லீவு, எல்லாம் அவர் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் ஸ்பின்னிங் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். லீவு சொல்லாமல் நின்றவன் மறுநாள் ஜன்னல் முன்னால் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். "என்னய்யா, நேத்து மட்டமா?" என்பார். "இல்லங்கய்யா, மச்சினன் வீட்டு விசேஷம்" என்பான் அவன். "உனக்கு எம்புட்டு மச்சினன்யா? போன மாசமும் ஒருத்தன் வந்தானே" என்பார். திட்டி முடித்த பிறகு, முந்தின நாள் தேதி போட்ட லீவு லெட்டரை அவரே எழுதி நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். சொல்லாமல் நின்றதாக அவன் பெயரில் ஒன்றும் ஏறாது. இது மில்லில் எல்லாருக்கும் தெரியும், மேனேஜரைத் தவிர.

தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணினவர். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது ரொம்ப முறுக்கிக்கொண்டார். பழைய மெஷினில் விரல் எங்கெங்கே போகுமோ அதே இடத்தில் அதே தமிழ் எழுத்து விழுகிற மாதிரி ஒரு எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு ஷிப்ட் நோட்டீஸ், பண்டிகை நோட்டீஸ் எல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அடித்துத் தள்ளுவார். கீபோர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை.

அவர் கம்ப்யூட்டரை நிறுவ வந்த ஆள், "சார், இதுக்கு அட்மின் பாஸ்வேர்டு ஒண்ணு வையுங்க, யார்ட்டயும் சொல்லாதீங்க, எங்கயும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைக் கோதண்டம் சார் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தினசரி வேலைக்கு அது தேவைப்படாது. புதிதாக எதையாவது ஏற்றும்போதுதான் கேட்கும், வருஷத்துக்கு ஒருதரம் இருந்தால் அதிகம். அப்போது நான் போய் நின்றால் ஒரு சடங்கே நடக்கும். முதலில் ஜன்னல் கதவைச் சாத்துவார். ரிஜிஸ்டரால் கீபோர்டை மறைப்பார். பிறகு, "எல்லாரும் சுவத்தைப் பாருங்க, பாஸ்வேர்டு அடிக்கணும்" என்பார். எல்லாரும் என்றால் நானும் இன்னொரு கிளார்க்கும்தான். சுவரில் காலண்டர் பெருமாளைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முதுகுக்குப் பின்னால் டக்டக்கென்று சின்னதாகச் சத்தம் கேட்கும், ஒரு மூச்சில் முடிந்துவிடும். "ம், திரும்பலாம்."

அந்த வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, அதாவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற மலைப் பெருமாள் கோயிலுக்கு, போனவர் கூட்டத்தில் படியில் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போச்சு. திங்கட்கிழமை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டோடு வந்து நின்றார், விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "லீவு போட வேண்டியதுதான சார்" என்றேன். "கைதான ஒடிஞ்சிருக்கு, தலையா ஒடிஞ்சிருக்கு?" என்றார்.

அதே வாரம்தான் கைரேகை வைத்து வருகை பதிகிற கருவி வந்து இறங்கியது. அது வேலை செய்ய வேண்டுமென்றால் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரை அப்டேட் பண்ண வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் போய் உட்கார்ந்து ஆரம்பித்தேன். அட்மின் பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க சார், நான் அடிக்கேன்."

"சொல்லுததுக்கு அது என்ன ரேடியோ செய்தியா? எந்திரி. சுவத்தைப் பாரு."

பெருமாளைப் பார்த்து நின்றேன். பின்னால் இடது கையால் டொக், டொக் என்று தடவித் தடவி அடிக்கிற சத்தம் கேட்டது. தவறு என்றது மெஷின். மறுபடி அடித்தார். மறுபடி தவறு. "கை மாறினா விரலுக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு" என்று முனகினார். அதிகத் தடவை தப்பாக அடித்ததால் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. மறுநாளும் இதே கூத்துதான்.

வியாழக்கிழமை கிளார்க்கை டீக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். முகமெல்லாம் வெட்கம்.

"மட்டம்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எது சார் மட்டம்?"

"அதான் பாஸ்வேர்டு. சிரிக்காதட்டி. அன்னைக்கு அந்த ஆளு திடுதிப்புனு ஒரு சொல்லு வையுங்கன்னான். ஜன்னல்ல ஒருத்தன் மட்டம் போட்டுட்டு வந்து நின்னுக்கிட்டு இருந்தான். வாயில அதுதான் வந்துச்சு."

ஊரையே மட்டத்துக்காகத் திட்டுகிற மனுஷன் ரகசியமாக வைத்திருந்த சொல் அது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு நான் அடித்தேன். இங்கிலீஷில் ஒரு டி போட்டு, இரண்டு டி போட்டு, டி-க்குப் பக்கத்தில் எச் போட்டு, எல்லாம் பெரிய எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில், பூட்டிக்கொண்டபோதெல்லாம் அரை மணி நேரம் காத்திருந்து, தெரிந்த விதத்தில் எல்லாம் அடித்துப் பார்த்தேன். எதுக்கும் திறக்கவில்லை.

"ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்."

"ஸ்பெல்லிங்கா? மட்டத்துக்கு என்ன ஸ்பெல்லிங்கு? மட்டம்னு அடி, அம்புட்டுதான்."

அந்த இடத்திலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. வருஷக்கணக்கில் இதே வேலை பார்த்தவள், மனுஷன் குழம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்கும் போல. அவர் சிரிப்பு நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் அவசரக்காரர். "வயசானா ஞாபகம் தப்புறது சகஜம்தான சார், இதுல என்ன இருக்கு. திங்கக்கிழமை மதுரையிலிருந்து ஆள் வரச் சொல்லிருக்கேன். பாஸ்வேர்டையே அழிச்சுட்டு வேற வச்சுருவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோதண்டம் சார் தலையாட்டினார். அன்றைக்கு மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கவே இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து ஆள் வரத் தேவையே இல்லை. பாஸ்வேர்டை அழிக்கிற சிடி என் மேஜை டிராயரிலேயே கிடந்தது, அரை மணி நேர வேலை. பதிவேடுகளுக்கெல்லாம் என்னிடம் காப்பியும் இருந்தது. மில்லுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. நாளைக்குச் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை சிடியை எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனால், அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தொழிலாளிகளின் டோக்கன் நம்பரையும் பெயரையும் மெதுவாக ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்து சரிபார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் விடாமல் அடுத்த நம்பரை ஆரம்பித்தார். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்து சிடியை டிராயரிலேயே போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். அவர் மனைவி வேதவல்லி அக்கா என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்கள்.

"ஆபீஸ்ல என்னம்மா நடந்துச்சு? அவிய ரெண்டு நாளாத் தூங்கல. அவிய அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல ஒண்ணு ரெண்டு சொல்லு மறந்துச்சு. பொறவு பிள்ளைக பேரு. கடைசியில சொந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இது யாரு வீடுன்னு கேட்டாரு. அவரக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடைசி வரைக்கும் பாத்தது இவியதான். இப்ப தனக்கும் வந்துருச்சுங்காவ. நாளைக்கு லெட்டர் குடுத்துட்டு வேலைய விட்டு நின்னுக்கிடுதேங்காவ. எழுதியே வச்சுட்டாவ."

வியாழக்கிழமை நான் காட்டிய மூஞ்சியும் மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தையும் இங்கே வந்து என்ன செய்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சிடியைப் போட்டுத் திறந்தால் கம்ப்யூட்டர் திறக்கும். இந்த மனுஷனுக்கு மறந்ததா மறக்கவில்லையா என்பது எந்தக் காலத்திலும் தெரியாமல் போகும்.

கூடத்துக்கு வந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மாவுக்கட்டுக் கை தொடை மேல் இருந்தது. என்னைக் கவனிக்கவில்லை. வாய்க்குள் "மட்டம், மட்டம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் கட்டுக்கு வெளியே இருந்த விரல்கள் வேட்டி மேல் லேசாக அசைந்தன. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று மாறி மாறி அந்த மூன்றுதான்.

டைப்ரைட்டிங் படித்தவளுக்கு அது போதும். நடுவிரலுக்குக் கீழே என்ன சாவி, மோதிர விரலுக்குக் கீழே என்ன சாவி என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். இவர் மட்டம் என்று இங்கிலீஷில் அடிக்கவே இல்லை. தமிழ் டைப்ரைட்டரில் அடிக்கிற மாதிரி அடித்திருக்கிறார். எழுத்துரு இருந்தால் அது திரையில் தமிழாகத் தெரியும். பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்துக்கு எழுத்துரு கிடையாது, அந்தச் சாவிகளில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகளைத்தான் அது வாங்கி வைத்திருக்கும். அவருக்கு அது எப்படித் தெரியும்? என்ன அடித்தாலும் அங்கே கறுப்புப் புள்ளிதானே வரிசையாக விழும்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தப்பாகப் போனால் இன்னொரு அடி தாங்க மாட்டார் என்று பயம். "சார், அந்த லெட்டர நாளைக்குக் காலையில நான் பார்த்த பொறவு குடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் டைம் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன். மதுரை ஆள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கோதண்டம் சார் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நம்பியும் நம்பாமலும் பக்கத்தில் உட்கார்ந்தார். ம-வுக்குக் கே. ட்-டுக்கு எல்லும், புள்ளிச் சாவியான அரைப்புள்ளியும். ட-வுக்கு எல். ம்-முக்குக் கேயும் அரைப்புள்ளியும். அடித்து என்டரைத் தட்டினேன்.

தவறு என்றது.

அவர் சட்டைப் பையிலிருந்து லெட்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார். "விடும்மா. நீ எம்புட்டோ பாத்துட்ட. சொல்லே வேறயா இருக்கும். எனக்குத்தான் தெரியல" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சத்தமே இல்லாத குரல்.

எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "சும்மா இருங்க சார்" என்று அதட்டிவிட்டேன். "கையத் தூக்கி மேஜை மேல வையுங்க. இது கம்ப்யூட்டர்னே நினைக்காதீங்க. நோட்டீஸ் போர்டுக்கு அடிக்கீங்க. யாரும் மட்டம் போடக் கூடாதுன்னு நோட்டீஸ். ம், அடிங்க."

கையை வைத்தார். கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். விரல்கள் அசைந்தன. நான் மேஜையோடு மேஜையாகக் குனிந்து பார்த்தேன். நடுவிரல். அடுத்தது மோதிர விரல் இல்லை. சுண்டு விரல்தான் முந்திக்கொண்டு இறங்கியது, அதன் பிறகு மோதிர விரல்.

"சார், நீங்க புள்ளியை முதல்லயா வைப்பீங்க?"

"பின்ன? புள்ளியை அடிச்சா மெஷின் நகராது. புள்ளியை வச்சுட்டு அதுக்கடியில எழுத்த அடிக்கணும். எழுத்த அடிச்சுட்டா வண்டி தள்ளிப் போயிரும்லா, பொறவு புள்ளி எங்க போய் விழும்?" என்றார். ஏதோ சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி மாதிரி என்னைப் பார்த்தார்.

நான் தமிழ் அடிக்கப் பழகினதே கம்ப்யூட்டரில். எனக்கு எழுத்து முதலில், புள்ளி அதற்குப் பிறகு. கையால் எழுதுகிறவர்களுக்கும் அப்படித்தான். டைப்ரைட்டரில் படித்தவர்களுக்கு மட்டும்தான் எழுத்து வருவதற்கு முன்னாலேயே அதன் புள்ளி வந்து காத்துக்கொண்டிருக்கும். அந்த எழுத்துருவைத் தேடிப் போட்டுக் கொடுத்ததே நான்தான், இது எனக்குத் தெரியாமல் போச்சு.

கே. அரைப்புள்ளி, எல். எல். அரைப்புள்ளி, கே. என்டர்.

திறந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்ன சொல்லுதானா?" என்று கேட்டார். "நீங்க சொன்ன சொல்லுதான் சார். வியாழக்கிழமையே சரியாத்தான் சொன்னீங்க. தப்பா அடிச்சது நான்தான்."

"மூடிட்டு இன்னொரு தரம் அடி."

மூடிவிட்டு அடித்தேன். திறந்தது.

"இன்னொரு தரம்."

திறந்தது. நாலாம் தடவை அவர் கேட்கவில்லை, நானே மூடி நானே அடித்துக் காட்டினேன். மேனேஜருக்குச் சொல்லி மதுரை ஆளை வர வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னேன். கோதண்டம் சார் லெட்டரை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, அது அங்கே இருப்பதையே மறந்த மாதிரி இடது கையால் செல்போனைத் தடவி எடுத்தார். வீட்டுக்குப் போட்டார்.

"வேதா, நான்தான். இல்ல, கை நல்லாத்தான் இருக்கு. அந்தச் சொல்லு இருக்குல்லா, அது சரிட்டி. நான் மறக்கல" என்றார். அந்தப் பக்கம் அக்கா அழுகிற சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"அண்ணன் மாதிரி ஆகலட்டி" என்றார். "இன்னும் ஆகல."

அப்டேட்டை ஆரம்பிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் பேசி முடிக்கட்டும் என்று நான் ஒன்றையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.